அந்நியக் கை

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றைக்கும் வாப்பா அடித்தார். தொழுகைக்காக வாசல் குழாயடியில் ஒளு செய்துகொண்டிருந்தவர் எழும்போது வழுக்கினார். ஓடிப்போய் முழங்கையைப் பிடித்தேன். கண்ணோரம் பளாரென்று ஒன்று. "யாருடி நீ? கைய எடு!" பெற்ற மகளைப் பார்த்து! பிறகு செய்ததையே மறந்து, முதலிலிருந்து கை கால் முகம் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

மறதி நோய் முற்றினால் கை நீட்டுவார்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்தான். ஆனால் அவர் கத்தத் தொடங்கியதும் நான் முதலில் ஓடிச் சாத்துவது ஜன்னலை.

பக்கத்து வீட்டு அனுசுயா அக்கா கேட்டேவிட்டார். "இன்னா ஜரினா, கண்ணாண்ட வீங்கிக்கினு கீது?" பாத்ரூமில் இடித்துக்கொண்டேன் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

தம்பி நஜீர் மஸ்கட்டிலிருந்து பேசினான். "மாங்காட்டாண்ட நல்ல ஹோம் ஒண்ணு கீதாம் லாத்தா. வாப்பாவ அங்க சேத்துடலாம். யோசிச்சு சொல்லு." யோசிக்கிறேன் என்றேன். மனதுக்குள் அப்பாடா என்றிருந்தது. வெட்கக்கேடு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எழுதவே கூசுகிறது. நானும் அடித்துவிட்டேன்.

ஜும்ஆ தொழுகைக்குப் போக வேண்டும் என்று வாப்பா குழாயடியை விட்டு நகரவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். என் தலைமுடியைப் பற்றி உலுக்கினார். என் கை தானா போயிடுச்சு. தானாவா? பொய். வேணும்னுதான் அடிச்சேன். கன்னத்துலயே. ஸ்கூல்ல அடி வாங்குன புள்ள மாதிரி கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. ச்சீ, நானெல்லாம் ஒரு மகளா.

அதோடு விட்டேனா? குழாய்தானே வம்பு என்று மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டி வால்வை மூடினேன். வராத தண்ணீருக்கு அவர் குழாயைத் திருகிக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 9, சனி

நஜீரிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மூடிய வால்வு திறக்க வரவில்லை. பிளம்பர் முகமது ஆசிக் வந்துதான் திறந்தார். தண்ணீர் வந்ததும் வாப்பா ஒளு செய்தார். ஆசிக் கை கொடுத்தார். மறுபேச்சில்லாமல் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் செருப்பை மாட்டிவிடக் குனிந்தேன். விரல் பட்டதுதான் தாமதம், உதைத்தார்.

"பாத்தியா தம்பி? எவளோ ஒருத்தி, ஒளு செஞ்சா போதும், வந்து வந்து தொடுறா. எத்தினி தபா செய்யிறது?"

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஷாஃபி வழக்கத்தில் அந்நியப் பெண் கை பட்டால் ஒளு முறிந்துவிடும். சின்ன வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். மகள் தொட்டால் முறியாது. நான் மகள் என்று தெரிந்தால்தானே? மறந்துபோய்த் திரும்பச் செய்யவில்லை மனுஷன். நான் முறித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். அதுக்கு ஒரு அறை வேற. யா அல்லாஹ்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஹோம் வேண்டாம் என்று நஜீரிடம் சொன்னேன். "பைத்தியமா லாத்தா உனக்கு?" என்றான். இருக்கலாம்.

இப்போதெல்லாம் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டுதான் பிடிக்கிறேன். இடையில் துணி இருந்தால் ஒளு முறியாது. நேற்று சோற்றுத் தட்டைத் தட்டிவிட்டார், அது வேறு. குழாயடியில் சண்டையில்லை.

இன்று அஸர் தொழுகைக்குப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தூட்டுப் பொண்ணும்மா நீ? வாப்பா இருக்காரா?"

"இருக்காங்க."

"நல்லா பாத்துக்குறியா?"

நான் அறைஞ்ச கன்னத்தைத்தான் பாத்தேன். தொப்பியை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.