இரண்டு கைப்பிடி ரஸ்க் தூள்

அன்புள்ள மீன்குஞ்சுக்கு,

இங்கே அப்பா, வாண்டு, நான் மூவரும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று அடுத்த வரியில் கேட்க வேண்டும். அதைக் கேட்க எனக்கு முகம் இருக்கிறதா என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், அதனால் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன். போன் இருக்கும்போது சித்தி ஏன் தாள் தாளாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே பரவாயில்ல சித்தி, விடுங்க என்று சொல்லிவிடுவாய், உனக்கு அது பழக்கம். நீ அப்படிச் சொல்வதற்குள் நான் முழுவதையும் சொல்லி முடித்தாக வேண்டும்.

அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. லிப்ட் ரிப்பேருக்குப் போகிற இடத்திலெல்லாம் படியேறித்தான் போக வேண்டியிருக்கிறது, லிப்ட் ஓடினா என்னை எவன் கூப்பிடப் போறான் என்று தானே சொல்லித் தானே சிரித்துக்கொள்கிறார். வாண்டுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, பேசினால் காற்றுதான் வருகிறது, ஆனாலும் வாய் குறையவில்லை. உன் கட்டிலில்தான் படுக்கிறாள், அக்கா வந்தா வாடகை குடுத்துட்டுப் படுக்கட்டும் என்கிறாள். அச்சகத்தில் எனக்கு அதே வேலைதான், புட்டிக்கும் டப்பாவுக்கும் ஒட்டுகிற லேபிளில் பிழை பார்ப்பது. பொடி எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ணாடியின் பவர் கூடியிருக்கிறது.

போன மாதம் நீ போன் செய்தபோது, புது டாக்டர் குடல் ஆறும்வரை கோதுமை, அரிசி, சோளம், ஓட்ஸ் என்று எந்தத் தானியமும் கூடாது, பாலும் கூடாது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாய். லீவுக்கு வரும்போது என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒரு நொடிகூட யோசிக்காமல், நீங்க அப்ப செஞ்ச காய்கறி பர்கர் சித்தி, அதுல மாவே இல்லையே, நான் பயமில்லாம சாப்பிட முடிஞ்ச ஒரே சாப்பாடு அதுதான் என்றாய். செய்யறேன்டி என்று சொல்லி போனை வைத்துவிட்டு அடுப்படியில் வெகுநேரம் நின்றேன். ஏன் நின்றேன் என்பதற்கு வருகிறேன்.

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். முதல் தடவை வேகவைத்த கொண்டைக்கடலையும் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் போட்டுத் தட்டினேன், கல்லில் திருப்பிப் போட்டதும் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. இரண்டாம் தடவை உருளைக்கிழங்கைக் கூட்டினேன், பசை மாதிரி ஆயிற்று, அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, கொஞ்சம் டப்பால போட்டுக் குடு, லிப்ட் குழிச் சுவர்ல ஒரு விரிசல் இருக்கு என்றார். பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. கடலையை வேகவைத்துத் துணியில் பரப்பி ஈரம் போக்க வேண்டும், மையாக அரைக்கக் கூடாது, கையால் மசித்து அங்கங்கே முழுசாக விட வேண்டும். காளானைப் பொடியாக நறுக்கித் தண்ணீர் சுண்டும்வரை வதக்க வேண்டும். ஆளி விதையைப் பொடித்து வெந்நீரில் ஊறவைத்தால் வழவழவென்று வரும், அதுதான் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிறது. தட்டி அரைமணி நேரம் பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போட்டால் உடையாது. பன்னுக்குப் பதிலாகக் கத்திரிக்காயை வட்டமாக, தடிமனாக அரிந்து சுட்டு மேலும் கீழும் வைத்தேன். வாண்டு பார்த்துவிட்டு, இது பர்கர் இல்ல, தொப்பி போட்ட கத்திரிக்காய் என்றாள், ஆனால் இரண்டு தின்றாள். ஏழாவது தடவை எல்லாம் கூடி வந்தது. அப்பா விரலை நக்கினார். எனக்குப் பெருமை தலைக்கேறி அச்சகத்துக்கும் கட்டிக்கொண்டு போனேன்.

அன்றைக்கு என் மேசையில் ஒரு சோயா சாஸ் லேபிள் வந்திருந்தது. சோயா, கோதுமை, உப்பு என்று வரிசையாகப் படித்துக்கொண்டு போனேன், இரண்டாவது சொல்லில் பென்சில் நின்றுவிட்டது. ருசிக்காக ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி கறுப்பு சாஸ் ஊற்றியிருந்தேன். வீட்டுக்குப் போய் நம் புட்டியைத் திருப்பிப் பார்த்தேன், அதிலும் கோதுமை. வருஷம் முழுக்க அடுத்தவர் புட்டியின் பொடி எழுத்தைத் திருத்துகிறவள் என் வீட்டுப் புட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை. அச்சகத்தில் அந்த லேபிளோடு நான் உட்கார்ந்திருந்தபோதே காகிதம் வெட்டும் மெஷின்காரர் பர்கரைக் கடித்துக்கொண்டே வந்தார், என்னம்மா பேயறைஞ்ச மாதிரி இருக்கே, உன் சமையலைச் சாப்பிட்டவன் நானில்லையா பயப்படணும் என்றார். சிரிக்க முடியவில்லை. தெரியாமலே இப்படி ஆகியிருக்கும், நீ வந்து உட்கார்ந்து நம்பிச் சாப்பிட்டிருப்பாய். உடனே அடுத்த நினைப்பு வந்தது, தெரிந்தே ஒரு தடவை செய்தவள்தானே நான் என்று.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அந்தச் சனிக்கிழமை. உனக்குப் பதினாறு. ரொட்டி, பிஸ்கட், பூரி எதைத் தந்தாலும் வயிறு வலிக்குது என்று தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தாய். உன் அம்மா இருந்த அடுப்படியில் நான் நிற்பது உனக்குப் பிடிக்கவில்லை, அதற்கு வயிற்றைச் சாக்கு சொல்கிறாய் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில் நீ கேக் சாப்பிட்டதை இந்தக் கண்ணால் பார்த்தேன், அதுவே போதுமான சாட்சியாக இருந்தது. மறுநாள் நீ பள்ளிக்கூடம் போகாமல் சுருண்டு படுத்திருந்ததையும் இதே கண்தான் பார்த்தது, அதைச் சாட்சியில் சேர்க்கவில்லை. உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்க நினைத்தேன். வெறும் காயும் கடலையும்தான், மாவே இல்லை என்று சொல்லி அந்த பர்கரைச் செய்தேன். அதில் இரண்டு கைப்பிடி ரஸ்க் தூள் கலந்திருந்தேன். உனக்கு ஒன்றும் ஆகாவிட்டால் அப்பாவிடம், பாருங்க உங்க பொண்ணு நடிப்பை என்று சொல்லத் தயாராக இருந்தேன். நீ மூன்று சாப்பிட்டாய். கை கழுவிவிட்டு வந்து, சித்தி, இன்னைக்குத்தான் வயிறு நிறைஞ்ச மாதிரி இருக்கு என்றாய். நீ என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

விடிந்தபோது நீ குளியலறைத் தரையில் கிடந்தாய். எட்டு மணிக்கு நீச்சல் அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு. அப்பா கத்தினார், வெளிய என்னத்தத் தின்னே என்று. நான் வாயைத் திறக்கவில்லை. நீ யோசித்து யோசித்துப் பார்த்து, பள்ளிக்கூட வாசல்ல ஒரு பால் ஐஸ் சாப்பிட்டேம்பா, அதுதான் போல என்றாய். நாக்கைக் கட்ட முடியாதவளுக்கு நீச்சல் எதுக்கு என்று அப்பா அத்தோடு உன்னைக் குளத்துக்கு அனுப்புவதை நிறுத்தினார். நீ என்னிடம் வந்து, நீங்க நல்லா செஞ்சு குடுத்தும் நான் கெடுத்துக்கிட்டேன், சாரி சித்தி என்றாய். நான் உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். நான் செய்ததிலெல்லாம் மோசமானது எது என்று யாராவது கேட்டால், ரஸ்க் தூளைக்கூடச் சொல்லமாட்டேன், அந்தத் தடவலைத்தான் சொல்வேன்.

அன்றிலிருந்து நீ பால் தொடுவதில்லை. எவ்வளவு ஆசையாகக் குடிப்பாய், ஆடை கூட விடமாட்டாய். ஐந்து வருஷமாகப் பால் இல்லாத டீ. போன மாதம் நீயே சொன்னாய், டாக்டர் பழைய கதையெல்லாம் கேட்டார், பால் ஐஸ் சாப்பிட்டு ஒரு தடவை ரொம்ப முடியாமப் போச்சுன்னு சொன்னேன், எழுதிக்கிட்டார் என்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் பொய் உன் மருத்துவச் சீட்டு வரைக்கும் போய் உட்கார்ந்திருக்கிறது. பெரிய டாக்டர் ஒருவர் அதை நம்பி உன் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் அடுப்படியில் அப்படி நின்றேன். அப்போதே எழுதியிருக்க வேண்டும். நல்ல பர்கர் ஒன்று செய்து கொடுத்தால் பழையது அடிபட்டுப் போகும் என்று ஒரு மாதம் கடலை மசித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் அடுக்கினார், பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் திரும்ப அடுக்கினார். கடைசியில், குளத்துக்குப் போகாதேன்னு சொன்னது நான்தானே என்றார். இன்று காலை காபியைத் தானே போட்டுக் குடித்துவிட்டுப் போனார். அது எனக்கு வேண்டியதுதான்.

அடுப்படியைக் காலி செய்துவிட்டேன். மரப்பலகை, மர அகப்பை, சல்லடை எல்லாம் போயிற்று, மாவு ஒட்டியிருந்தால் எத்தனை கழுவினாலும் நம்ப முடியாதாம். மேல் தட்டில் புது டப்பாக்கள் உனக்கென்று வைத்திருக்கிறேன், எல்லாவற்றிலும் வாங்கிய உறையை வெட்டி ஒட்டியிருக்கிறேன், நீயே படித்துப் பார்த்துக்கொள்ளலாம். நீ வந்தால், வர மனசிருந்தால், நான் காய் அரிந்து தருகிறேன், நீயே கலந்து நீயே தட்டிக்கொள். நான் தட்டின் பக்கமே வரமாட்டேன். உனக்கு அதுவும் வேண்டாம் என்றால் அப்பா உன்னை அங்கே வந்து பார்ப்பார், டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டார், கூட வருவேன் என்று நான் அடம் பிடிக்கமாட்டேன்.

உடம்பு தேறி நீ மறுபடி தண்ணீரில் இறங்க வேண்டும், எல்லா நலமும் உனக்கு உண்டாகட்டும். என் வாயிலிருந்து வந்தாலும் இந்த வாழ்த்து பலிக்கட்டும். இப்போது கேட்கிறேன், சுகமாக இருக்கிறாயா?

மறக்காமல் ஒன்று செய். அவசரப்பட்டு நீயாகப் பாலைக் குடித்துப் பார்க்காதே, முதலில் டாக்டரிடம் போ. இந்தக் கடிதத்தைக் கிழிக்கத் தோன்றினால் கிழி, ஆனால் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி எழுதியிருக்கும் பக்கத்தை அவரிடம் காட்டிவிட்டுக் கிழி.

இப்படிக்கு,
நீ சாரி கேட்ட
உன் சித்தி