காவல்காரன் வூட்டு நாய்

சேசு மரி சூசை துணை

கடத்தூர்
14-10-1974

அன்புள்ள மாமாவுக்கு,

நான் எங்கப்பா வூட்டுக்கு வந்து எட்டு நாள் ஆச்சு. பொம்மிடியிலிருந்து கடத்தூர் என்ன சீமையா? எட்டிப் பார்க்க உங்களுக்கு மனசு வரலை. இருக்கட்டும்.

கோயில் சனங்களோடு பஸ்ஸில் அஞ்செட்டிப் பக்கம் எல்லைக் காட்டுப் பூங்காவுக்குப் போனோமே, அதைத்தான் கேட்கிறேன். "நானும் மொதல் தடவைதான் வரேன்"னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க. மான் அடைச்சிருக்கிற வேலிகிட்ட காவல்காரன் வூட்டு நாய் ஞானமேரி அக்கா மேல பாய்ஞ்சுது. ஃபாதரையே விடலை. உங்களைக் கண்டதும் மட்டும் வாலை ஆட்டிக்கிட்டு வந்து காலடியில் படுத்துக்கிச்சே, எப்படிங்க?

பதில் எழுதுங்க.

ராஜமேரி

பொம்மிடி
17-10-1974

அன்பு மேரிக்கு,

நலம். ரயில்வே ஸ்டேஷனில் ஆள் பற்றவில்லை, அதான் வர முடியவில்லை. ஒரு நாய்க்காகவா கோவித்துக்கொண்டு போனாய்? என் சட்டைப் பையில் பொட்டுக்கடலை இருந்தது, மோப்பம் பிடித்து வந்திருக்கும். அந்தப் பூங்காவுக்கு வேண்டாம் என்று அன்றைக்கே எத்தனை தடவை சொன்னேன். நான் பொங்குகிற சோறு தினமும் அடிபிடிக்கிறது. சீக்கிரம் வா.

சின்னப்பராஜ்

கடத்தூர்
21-10-1974

மாமாவுக்கு,

பொட்டுக்கடலையா! நல்லா இருக்குது கதை. "ஏய் கரியா, சும்மா கெட"ன்னு பேர் சொல்லி அதட்டினீங்களே, அதையும் பொட்டுக்கடலைதான் சொல்லிக் குடுத்துச்சா?

அந்த வூட்டிலிருந்து கன்னடம் பேசுற பொண்ணு ஒருத்தி வந்தா. எல்லாருக்கும் தண்ணி, உங்களுக்கு மட்டும் கேட்காமலே மோர். இடுப்பில் கைக்குழந்தை வேற. நான் உள்ளே எட்டிப் பார்த்ததும் படக்குனு கதவைச் சாத்தினா.

மாசாமாசம் சேலத்துக்கு டூட்டின்னு போறீங்களே, அது எந்தச் சேலம்? உங்ககூட வேலை பார்க்கிற மாதேஸ்வரன் அண்ணன் சம்சாரத்தைச் சந்தையில் பார்த்தேன். அப்படி ஒரு டூட்டியே கிடையாதாம்.

அந்தக் குழந்தை யாருது? ஒளிக்காம எழுதுங்க. இல்லேன்னா நான் வர மாட்டேன்.

ராஜமேரி

பொம்மிடி
26-10-1974

மேரி,

குழந்தை உன் தம்பி செபாஸ்டினுடையது. அவன் சாகவில்லை. அந்தக் காவல்காரனே அவன்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் உங்கப்பாவோடு சண்டை போட்டு ஓடினவன், ஒகேனக்கல் ஆற்றில் போய்விட்டான் என்று யாரோ சொன்னதை நம்பினோம். மறு மாசமே எனக்குக் கார்டு போட்டான். வேற சாதிப் பெண்ணைக் கட்டியிருக்கிறான். உங்கப்பாவுக்குத் தெரிந்தால் அரிவாளோடு வருவார் என்று பயந்து, உனக்கும் சொல்லக் கூடாது என அந்தோணியார் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டான். அன்றைக்கு நம் சனங்களைப் பார்த்ததும் உள்ளே ஒளிந்துகொண்டான்.

குழந்தைக்கு உன் பேர்தான். இப்போதாவது சந்தேகம் தீர்ந்ததா? படித்ததும் இதை அடுப்பில் போடு. வூட்டுக்கு வா.

சின்னப்பராஜ்

கடத்தூர்
2-11-1974

மாமாவுக்கு,

அடுப்பில் போட்டுட்டேன். என் தம்பி உசிரோட இருக்கான்னு அடுப்படியிலேயே உக்கார்ந்து அழுதேன். அந்தப் பொண்ணை வெச்சு உங்களைத் தப்பா நெனச்சதுக்கு மன்னிச்சுக்குங்க.

இன்னைக்குக் கல்லறைத் திருநாள். அவன் உடம்பு கிடைக்கலைன்னு வருஷாவருஷம் ஆத்தா கல்லறையிலேயே அவனுக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்துவேன். மூணு வருஷமும் நீங்க பக்கத்தில் நின்னு, காத்துக்கு அணையாம கையை வெச்சு மறைச்சீங்க. போன வருஷம் நான் மண்ணில் விழுந்து கதறினப்ப தூக்கிவிட்டதும் நீங்கதான். அப்பவும் வாயைத் திறக்கலையே! அவனுக்குப் பண்ணின சத்தியம் பெருசு, நான் அழுதது ஒண்ணுமில்லை, அப்படித்தானே?

அப்பா பார்த்துக்கிட்டு நின்னதால் இன்னைக்கும் ஏத்தினேன். யாரும் மறைக்கலை, அணைஞ்சு போச்சு.

நாளைக்குத் தம்பி வூட்டுக்குக் கிளம்புறேன். அப்பாவுக்குத் தெரியாது. பொம்மிடிக்கு இனி வர மாட்டேன். நீங்களும் அங்கே வராதீங்க.

ராஜமேரி