சட்டைப்பையில் கிடந்த தந்தி

இன்று காலை புது போஸ்ட்மாஸ்டர் உன் சிகரெட் டப்பாவைக் குப்பையில் போட்டார். தந்திக் கருவியின் முதுகில் அதைச் சொருகினால் சத்தம் கணீரென்று கேட்கும் என்று நீதான் கொண்டுவந்து வைத்தாய். நீ ஓசூர் ஆபீசுக்கு வந்தது அந்த ஒரே தடவை. மற்றபடி நீ கிருஷ்ணகிரியில், நான் இங்கே, நடுவில் ஒரு கம்பி. டப்பாவைப் பொறுக்கித் திரும்ப வைத்துவிட்டேன்.

குறிலும் நெடிலுமாய் விழும் தட்டலில் ஒவ்வொரு கைக்கும் ஒரு நடை உண்டு. உன் கை துள்ளும். செய்தி முடிந்ததும், சட்டத்தில் இல்லாத ஒரு குறிலைத் தட்டி வைப்பாய். வந்திருந்தபோது கேட்டேன், அது என்னவென்று. "சிரிக்கிறன்டா, உனக்குக் காது கேக்கலயா?" என்றாய்.

பிறகு ஒரு நாள் காலை கிருஷ்ணகிரி கூப்பிட்டபோது கை வேறாக இருந்தது. தடுமாறுகிற கை. "அவன் எங்கே?" என்று தட்டினேன். செய்திதான் வந்தது. பாகலூர் விலாசம். உன் அப்பா பெயர். மகன் காய்ச்சலில் இறந்தான், உடனே வரவும். பென்சில் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போயிற்று. முடித்த பிறகுதான் நான் படித்தேன்.

தந்திச் சேவகனைச் சைக்கிளில் விரட்டினேன். மத்தியானம் கிருஷ்ணகிரி மறுபடி கூப்பிட்டது. தகப்பனார் வரவில்லை, பொழுது சாயுமுன் அடக்கம் செய்ய வேண்டும் என்றது. சேவகன் திரும்பி வந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அவர் கையிலயே குடுத்தியா?"

"சேரிக்குள்ள நான் எப்படி சார் போறது? பண்ணைக்காரர் ஊட்ல குடுத்தேன். எப்பவும் அவருதான படிச்சுச் சொல்லி உடுவாரு."

வேலையை அப்படியே போட்டுவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். பாகலூர்க் களத்தில் கேழ்வரகு அடித்துக்கொண்டிருந்தார்கள். உன் அப்பா மாடுகளின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தார். தந்தி பண்ணைக்காரரின் சட்டைப்பையில் இருந்தது. பிரித்துப் படித்திருந்தார்.

"இருப்பா, களம் முடியட்டும். வானம் கருக்குது பாரு. இப்பச் சொன்னா கெழவன் ஓடிருவான், ராகி நனைஞ்சிரும். செத்தவன் எங்க போயிரப் போறான்?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெற்றிலை மென்றுகொண்டே சொன்னார். நீ பரீட்சை எழுதி சர்க்கார் நாற்காலியில் உட்கார்ந்தவன். உன் சாவு அவருடைய ராகிக்குப் பின்னால் வரிசையில் நின்றது.

அவர் பையிலிருந்து தாளைப் பிடுங்கி உன் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "எம்பையன்தான் தந்தி ஆபீசுல உக்காந்திருக்கானே சாமி. அவனைத் தாண்டி எப்படி வந்துச்சு இது?"

எங்கள் பஸ் சூளகிரியைத் தாண்டும்போதே இருட்டிவிட்டது. இடுகாட்டில் அவருக்குக் கிடைத்தது ஈர மண். அதில் கையை வைத்து, வெகுநேரம் எடுக்கவில்லை.

இப்போது சேரி விலாசம் போட்ட தந்திகளை நானே கொண்டுபோகிறேன். என் மேல் புகார் எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும்.

டப்பாவைத் திரும்ப வைத்த சற்று நேரத்தில் கிருஷ்ணகிரி கூப்பிட்டது. ஏதோ புளி மண்டிச் செய்தி. அது முடிந்த பிறகும் பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன், இன்னும் ஒரு குறில் பாக்கி என்பதுபோல.