உள்நாட்டு விலை

2025 ஓகஸ்ட் 5, செவ்வாய்

கந்தோரில் எல்லாருக்கும் கேட்கும்படி நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போன் எடுத்தேன். கப்பல் கப்டன் மாதிரிக் குரலைத் தடிப்பாக்கி ஆங்கிலத்தில் விலை கேட்டேன். மூன்றாவது வசனத்தில், போனை எடுத்த பிள்ளை சொன்னது: "அங்கிள், தமிழிலேயே கேளுங்கோ, எனக்கு விளங்கும்."

பக்கத்து மேசை ஒஸ்வால்ட் தேத்தண்ணியைக் கோப்பின் மேல் துப்பிவிட்டான். ஓ.எல். சோதனையில் ஆங்கிலம் இரண்டு தரம் பெயில் என்பதை இனி ஒளிக்கத் தேவையில்லை.

'ஃபமிலி பெக்' என்றால் பெரியவர் இரண்டு, சிறுவர் இரண்டாம். நாங்களோ நானும் மனைவி ஷெரோமியும் எங்கள் பிள்ளைகள் இரண்டும், கனடாவிலிருந்து வந்து நிற்கும் தங்கச்சி யூஜினாவும் அவளுடைய இரண்டும். பூங்காக்காரன் கணக்கில் ஒன்றேமுக்கால் குடும்பம்.

நாலடிக்குக் கீழே அரை டிக்கட். மகன் நாலடி அரை அங்குலம். அந்த அரை அங்குலம் தலைமயிர்தான். சலூனுக்கு அனுப்பினேன்.

ஓகஸ்ட் 6

கிழமை நாளில் பத்து வீதம் கழிவு. லீவு போட்டால் சம்பளத்தில் அதைவிடக் கூட வெட்டுவான். ஏதோ ஒரு வங்கி அட்டைக்கு இருபது வீதம். அந்த அட்டை கொடுக்கிற அளவுக்கு எனக்குச் சம்பளம் இல்லை. கழிவெல்லாம் கழிவு தேவைப்படாதவனுக்கே!

ஓகஸ்ட் 7

இன்றுதான் கண்ணில் பட்டது. வெளிநாட்டவருக்கு மூன்று மடங்கு விலை. ஏன், தண்ணீர் அவர்களை மூன்று மடங்கு நனைக்குமோ?

"முழுச் செலவும் என்ர" என்று விமான நிலையத்தில் வைத்தே வாய்விட்ட மடையன் யார்? வேறு யார். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு வந்தவளிடம் அண்ணன் சொன்ன சொல்லை எப்படித் திருப்பி எடுக்கிறது?

அவளோ பல் விளக்கவும் போத்தல் தண்ணீர் கேட்கிறாள். இராச்சாப்பாட்டில் கரண்ட் போனதும், "எங்கட நாட்டில இப்பிடி இல்ல" என்றாள். ஷெரோமி என்னைப் பார்த்தாள். நான் பருப்பைப் பார்த்தேன். எங்கட நாடாம்! கொழும்பு ஜம்பட்டா வீதியில் ஐஸ்பழம் சூப்பி வளர்ந்தவளின் நாடு.

ஓகஸ்ட் 8

வழி கிடைத்துவிட்டது. யூஜினாவின் பழைய அடையாள அட்டை! எங்கள் கலியாணச் சான்றிதழோடு பிஸ்கட் டின்னில் கிடந்தது. அதைக் காட்டினால் அவளுக்கு உள்நாட்டு விலை. பிள்ளைகளுக்கு அட்டை கேட்கமாட்டார்கள். ஆனால் அதுகள் வாயே திறக்கக்கூடாது, மூச்சுவிட்டாலே ஆங்கிலம்.

கனடாவுக்குப் போகிற அன்று, "இனி எனக்கு ஏன் இது?" என்று என் கையில் திணித்துவிட்டுப் போனாள். அந்த நாட்களில் இது இல்லாமல் முடக்குக் கடைக்குப் பாண் வாங்கவும் போகமாட்டோம். ஆமிக்காரன் மறித்துக் கேட்டால் இதுதான் உயிர். படத்தில் இரண்டு காதும் தெரிய, பயந்த மூஞ்சி. பதினெட்டு வயது.

ஷெரோமி சிரித்தாள். "இருபத்திரண்டு வருஷமா டிக்கட்டுக்கோ இத வைச்சிருந்தனீங்கள்?"

"பிறகென்னத்துக்கு?" என்றேன்.

ஓகஸ்ட் 9, சனி

யூஜினாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அட்டை சட்டைப் பையில். கவுண்டரில் இருந்த பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒக்கொம லோக்கல் நேத?"

எல்லாரும் உள்நாடுதானே என்று அவளே கேட்கிறாள்! அட்டையும் தேவையில்லை, தலையை ஆட்டினால் போதும். ஆட்டத் தொடங்கினேன்.

"நே நங்கி, அபி துன்தெனா ஃபொரின்."

இல்லை தங்கச்சி, நாங்கள் மூன்று பேரும் வெளிநாடு. சொன்னது யூஜினா. அட்சரம் பிசகாத கொட்டாஞ்சேனைச் சிங்களம், சந்தையில் மீன் விலை குறைக்கிற சிங்களம். கவுண்டர்ப் பிள்ளை பகிடி என்று நினைத்துச் சிரித்தது. யூஜினா மூன்று கடவுச்சீட்டையும் தன் வங்கி அட்டையையும் எடுத்து வைத்தாள்.

"அண்ணா, மூஞ்சியத் தூக்காதீங்க. உங்கட நாலு பேருக்கு நீங்க கட்டுங்க. பொய் சொல்லி உள்ளுக்குப் போக ஏலாது, பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிக்குது."

"என்னடி பொய்?"

"லோக்கல் எண்டுறது."

அதற்குப் பிறகு மகனை அளந்தார்கள். நாலடிக்கு மேல். சலூன் காசும் நட்டம். அட்டை நனைந்துவிடும் என்று பயந்து லொக்கர் ஒன்றும் வாடகைக்கு எடுத்தேன். கட்டுப்படியான டிக்கட் தேடியவனின் சாமர்த்தியம் இது!

சறுக்கில் யூஜினா என்னைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டாள். சின்ன வயதிலும் அப்படித்தான், சொல்லாமல் தள்ளுவாள்.

ஓகஸ்ட் 10

முதுகு எரிகிறது. வேறொன்றுமில்லை.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

வழியனுப்பிவிட்டு வந்தோம். விமான நிலைய வாசலில் யூஜினா கேட்டாள்: "என்னண்ணா, வந்ததில இருந்து பொக்கெட்டத் தடவிக்கொண்டே நிக்கிறீங்க?"

"பார்க்கிங் துண்டு" என்றேன்.

துண்டு ஷெரோமியின் கையில் இருந்தது. அவள் அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள், பெரிய உதவி.

அட்டை திரும்பவும் டின்னுக்குள் போயாயிற்று. வீட்டுக்கு வரும் வழி முழுக்க வாய்க்குள்ளே சொல்லிப் பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது: நீ திரும்பி வரேக்க தேவைப்படும் எண்டுதான் வைச்சிருந்தனான்.