வாழைப்பழப் பாலில் விழுற சொட்டு

பிம் கண்ணுக்கு அம்மா எழுதுறேன்.

நீயும் மாப்பிள்ளையும் உன் வயித்துல இருக்குற குட்டியும் சுகமா இருக்கணும்னு, காலையில பிக்குகளுக்குச் சோறு போடும்போதெல்லாம் வேண்டிக்கிறேன். நாங்களும் சுகம்தான், ஆனா அந்தச் சுகம் எப்படி வந்துச்சுங்கிறதுலதான் எனக்கு ஒரே குழப்பம். போன்ல சொல்லலாமேம்மான்னு கேப்ப. உங்கப்பா காது கேக்கலைன்னு ஸ்பீக்கரைப் போட்டுட்டுப் பக்கத்துலயே உக்காந்துக்கிறாரு. இது அவருக்குத் தெரியக் கூடாத சங்கதி. முதல்ல ஊர்ச் சேதி: மேக்கோங் ஆத்துல தண்ணி ஏறியிருக்கு, நம்ம வயல் வரைக்கும் வரல, நாத்து நட்டாச்சு, நாய் குட்டி போட்டிருக்கு.

அவரோட இடுப்பு வலி உனக்குத் தெரியாததா? லாரி ஓட்டி ஓட்டித் தேஞ்ச எலும்பு. ராத்திரி முழுக்கச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடப்பாரு. போன வருஷம் ஆஸ்பத்திரி நாட்டு மருந்துப் பிரிவுல அந்தச் சின்ன டாக்டரம்மா கஞ்சா எண்ணெய் குடுத்தாங்கல்ல, அதை நாக்குக்கு அடியில விட்டதுக்கு அப்புறம்தான் மனுஷன் குறட்டை விட்டுத் தூங்கினாரு. அந்தக் குறட்டையில எனக்கும் நல்ல தூக்கம். இப்ப என்ன ஆச்சுன்னா, மூணு மாச மழைக்கால விரதம் ஆரம்பிச்ச அன்னைக்கு விகாரைக்குப் போனாரு. எல்லா ஆம்பளைங்களும் விரதம் முடியுற வரைக்கும் சாராயத்தைத் தொடமாட்டேன்னு பெரிய பிக்கு முன்னாடி சபதம் எடுப்பாங்கல்ல. உங்கப்பாதான் குடிக்கிறதே இல்லையே, விடுறதுக்கு என்ன இருக்கு? அதனால மயக்கம் தர்ற எதையும் தொடமாட்டேன், அந்தப் புண்ணியம் என் பேரப்பிள்ளைக்குப் போகட்டும்னு சபதம் எடுத்துட்டு வந்து, எண்ணெய் பாட்டிலை என் கையில குடுத்து, கண்ணுல படாம வைன்னாரு.

மறுபடியும் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடை. இது மருந்துங்கன்னேன். கஞ்சாவுக்கு ஆஸ்பத்திரி சீட்டு ஒட்டினா அது பால் ஆயிடுமாடின்னு கேக்குறாரு. ஏங்க, உங்க தாத்தா கோழி ரசத்துல அந்த இலையப் போட்டுத்தானே குடிச்சாரு, அவர் என்ன நரகத்துக்கா போனாருன்னு கேட்டேன். அதைப் பார்த்துட்டு வந்தவங்க யாருங்கிறாரு. பெரிய பிக்குகிட்ட, எங்க வீடுன்னு சொல்லாம, பொதுவா கேட்டுப் பார்த்தேன். வலிக்குன்னு எடுத்தா மருந்து, சுகத்துக்குன்னு எடுத்தா போதைன்னாரு. வலி போனா சுகம்தானே சாமி, ரெண்டையும் எப்படிப் பிரிக்கிறதுன்னு கேட்டேன். அவர் சிரிச்சுட்டுத் தண்ணி தெளிச்சு அனுப்பிட்டாரு.

ஒருநாள் விடியக்காலையில அவர் தலையணையக் கடிச்சுக்கிட்டு அழுததைப் பார்த்தேன் பிம். எனக்குப் பொறுக்கல. அன்னைக்குச் சாயந்திரமே தேங்காய்ப்பால்ல வெந்த வாழைப்பழத்துல டாக்டரம்மா சொன்ன அளவை விட்டுக் குடுத்துட்டேன், அதுக்கு மேல ஒரு சொட்டு இல்ல. தூங்கிட்டாரு. தினமும் தூங்குறாரு. அதோட நின்னாரா? பாத்தியா, சபதத்தோட சக்தியேன்னு விகாரை பூரா சொல்லிட்டுத் திரியுறாரு. அதைக் கேட்டுட்டு எதிர்வீட்டுச் சாங்வியன் மாமாவும் முட்டி வலிக்கு எடுத்துட்டிருந்த அதே எண்ணெயை விட்டுட்டு, ரெண்டு நாள்ல நொண்ட ஆரம்பிச்சுட்டாரு. வேற வழி இல்லாம அவர் சம்சாரம் லமாய் அத்தை காதுல விஷயத்தைச் சொன்னேன். இப்ப அந்த வீட்டுலயும் சபதம் வேலை செய்யுது.

ஆனா எனக்கு நிம்மதி இல்ல. அவர் சபதத்தை நான் உடைச்சுட்டேன்னா, உன் குழந்தைக்குப் போக வேண்டிய புண்ணியம் என்ன ஆகும்? பாதி வழியில நின்னுடுமா? பயத்துல போன வாரம் ஒருநாள் சொட்டு விடாமலே கிண்ணத்தைக் குடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுட்டு, இன்னைக்கு என்னவோ குறையுதேன்னாரு. தேங்காய் முத்தல்னு சொன்னேன். அவர் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிட்டு, கல்யாணத்துக்கு முன்னாடி கொஞ்ச நாள் நான் பிக்குவா இருந்தப்போ பாத்திரத்துல விழுறது என்னன்னு கேக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்க, நான் எதுவும் கேக்கல, நீ எப்பவும் போடுற மாதிரி போடுன்னு சொல்லிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டாரு. அடுப்படிக்குப் போய் எப்பவும் விடுற அளவை விட்டுக் கொண்டுவந்து குடுத்தேன். இவருக்குத் தெரியுமா? எப்போல இருந்து? இல்ல நிஜமாவே ருசியத்தான் சொன்னாரா? தெரிஞ்சே சாப்பிடுறாருன்னா பாவம் அவரோடதா, என்னோடதா? நீ படிச்சவ, யோசிச்சுச் சொல்லு.

நீ மட்டும் இந்த எண்ணெய் பக்கமே போயிடாத. பிள்ளைத்தாச்சிக்கு ஆகாதாம், நீ இருக்குற தைவான்ல ஜெயில்ல வேற போட்டுடுவாங்களாம். இங்க நம்ம நாட்டுல ஆஸ்பத்திரியிலயே குடுக்குறாங்க, அங்க ஜெயில், எனக்கு ஒண்ணும் விளங்கல. ஃபேக்டரியில ரொம்ப நேரம் நிக்காத, காலுக்கு சாக்ஸ் போடு. போன்ல அப்பா சபதக் கதைய எடுத்தா, ஆமாப்பான்னு மட்டும் சொல்லு, சிரிச்சுடாத. உனக்கும் குட்டிக்கும் ஒரு குறையும் வராது, புத்தர் பார்த்துக்குவாரு.

இதை எழுதிட்டு இருக்கும்போதே உங்கப்பா எழுந்து வந்து, யாருக்குடின்னு கேட்டாரு. பிம்முக்குன்னேன். நான் நல்லாத் தூங்குறேன்னு எழுது, எப்படின்னு எழுதாதேன்னுட்டுப் போறாரு.

இப்படிக்கு
உன் அம்மா
மாலிவன்