பேர் எழுத வந்த பெண்

எட்டாம் நம்பர் லயம்,
மேல் பிரிவு,
அக்கரப்பத்தனை.
22-11-1964

அன்புள்ள மரகதம் அக்காவுக்கு,

உங்கள் மகள் சௌந்தரவல்லி நேற்று சனிக்கிழமை பகல் நல்லபடியாக வந்து சேர்ந்தாள். சுகமாக இருக்கிறாள். இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை நீங்கள் நிதானமாகப் படிப்பீர்கள். நானும் ஒரு பெண்ணைப் பெற்றவள்தான்.

முகம் பார்க்காமலே அக்கா என்று எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று வந்ததும் கேட்டாள். சித்தி என்று கூப்பிடு என்றேன். அவளுக்குச் சித்தி என்றால் உங்களுக்கு நான் தங்கைதானே. கடல் தாண்டி ஓர் அக்கா கிடைத்ததில் நேற்றிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

நீங்கள் கொடுத்தனுப்பிய கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் எழுதுகிறேன். தனி அறை இல்லை. வரிசை வீடுகளான இந்த லயத்தில் எங்களுக்கு இருப்பது காம்பரா என்கிற ஓர் அறையும், முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணையும்தான். உள்ளே நானும் என் மகள் அழகம்மாவும் உங்கள் மகளும் படுத்துக்கொள்கிறோம். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் இஸ்தோப்புக்குப் போய்விட்டார். குளிர் உண்டு. நீங்கள் மடித்து வைத்தனுப்பிய சால்வை இந்தக் குளிருக்கு முகம் துடைக்கத்தான் ஆகும். என் கம்பளியைக் கொடுத்திருக்கிறேன். அட்டை கடித்ததை எழுத வேண்டாம் என்று கெஞ்சினாள். எழுதிவிட்டேன். ஒரே ஒரு அட்டைதான், சவர்க்காரம் தேய்த்ததும் விழுந்துவிட்டது.

சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம். கோதுமை மா ரொட்டி மூன்று சாப்பிட்டாள். தேத்தண்ணி குடிக்கத்தான் தெரியவில்லை. உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நக்கியபடி குடிப்பது எங்கள் வழக்கம். இவள் மொத்தச் சீனியையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டு, மிச்சக் கசப்பைக் குடிக்க முடியாமல் விழித்தாள். அழகம்மா சிரித்த சிரிப்பில் அடுத்த காம்பராக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இனி நேற்றுச் சாயங்காலம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அவளே எழுதினால் பாதியை மறைத்துவிடுவாள்.

தோட்டத்துப் பிள்ளைகளும் தாய்மாரும் என்ன சாப்பிடுகிறார்கள் என்று படிக்க இந்தியாவிலிருந்து ஒரு மாணவி வருகிறாள், மூன்று மாதம் யார் வீட்டில் வைத்துக்கொள்வீர்கள் என்று தோட்டத்து டாக்டர் ஐயா கேட்டபோது, நான்தான் என்று முந்திக்கொண்டேன். கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்கிறவள் நான். அவள் படிப்புக்கு என்னை விட்டால் ஆள் ஏது? வீட்டுக்காரரிடம்கூடப் பிறகுதான் சொன்னேன். லயத்தில் மற்றவர்களிடம் சொல்லவே தோன்றவில்லை. அது என் தப்பு.

போன மாதக் கடைசியில் டில்லியில் நம் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்துப் போட்டது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இங்கிருந்து ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதாம். யார் யார் என்று யாருக்கும் தெரியாது. காலையில் ஆள் பிரித்து வேலை கொடுக்கிற பெரட்டுக் களத்தில் பேர் எழுதினால்தான் எங்களுக்கு அன்றைக்கு வேலை. பேர் எழுதுகிற கை நல்லது செய்யுமா கெட்டது செய்யுமா என்று பார்த்தே பழகியவர்கள் நாங்கள். இந்த மாதம் புத்தகமும் பேனாவுமாக யார் வந்தாலும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறோம்.

இது தெரியாமல் உங்கள் மகள் நோட்டுப் புத்தகத்தோடு இஸ்தோப்பில் உட்கார்ந்துவிட்டாள். கொழுந்தை எடை போட்டுவிட்டுத் திரும்பிய பக்கத்துக் காம்பரா ராக்காயி முதலில் ஆசையாகத்தான் பேசினாள். பேர் சொன்னாள், என்ன சாப்பிட்டாள் என்று சொன்னாள். எங்கே பிறந்தீர்கள், இந்தியாவில் எந்த ஊர் என்று இவள் கேட்டதும் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதைப் பார்த்து அடுத்த காம்பரா வீரம்மாவும் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் லயம் முழுக்கக் கதவு சாத்தியாகிவிட்டது. குளிருக்குச் சாத்துகிறார்கள் என்று நினைத்து உங்கள் மகள் அதையும் குறித்துக்கொண்டாள்.

அப்புறம் எங்கள் தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர் வீரய்யா நாலு பேரோடு வந்தார். "அம்மாக்கண்ணு, நீ யாரக் கூட்டியாந்து வச்சிருக்கன்னு தெரியுமா? இந்தியாவுலருந்து பேர் எழுத ஆள் வந்துருச்சுன்னு லயமே பதறுது. அஞ்சரை பஸ்ஸுல ஏத்தி அனுப்பிரு" என்றார். வந்த அன்றைக்கே ஒரு வயசுப் பெண்ணை எந்த ஊருக்கு ஏற்றி அனுப்புவது?

உங்கள் மகள் அழுவாள் என்று நினைத்தேன். நோட்டை என் கையில் கொடுத்து, "எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமா படிங்க சித்தி" என்றாள்.

வாசலில் நின்று படித்தேன். ஐந்தாம் வகுப்புப் படித்ததற்கு அன்றைக்குத்தான் பலன். "ராக்காயி. காலை, ரொட்டி ஒன்று, பச்சை மிளகாய். மத்தியானம், அதே ரொட்டி, ஆறியது." அடுத்தது என் வீடு. "அம்மாக்கண்ணு. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது." பாதி படித்த பிறகுதான் என்ன படிக்கிறேன் என்று உறைத்தது. சாத்திய கதவுகளுக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. ராக்காயி கதவைத் திறந்து, "கருவாட்டுக் கொழம்பும் வச்சேன், அத எழுதலயே. இந்தியாவுல எங்களப் பஞ்சப் பராரின்னு நெனச்சுக்குவாங்க" என்று சண்டைக்கு வந்தாள்.

வீரய்யா மட்டும் சிரிக்கவில்லை. பிறந்த ஊர் என்று தலைப்புப் போட்ட பக்கத்தில் விரலை வைத்தார். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் மார்க் குறையும் என்று வந்ததுமே என்னிடம் சொல்லியிருந்தாள். ஆனாலும் அந்தப் பக்கத்தை அவளே கிழித்து அவர் கையில் கொடுத்தாள். "இனிமே யாரையும் இதக் கேக்க மாட்டேன்யா" என்றாள். அவர் என் அடுப்பில் அதைப் போட்டுவிட்டு, தேத்தண்ணி இருக்கிறதா என்று கேட்டு உட்கார்ந்தார். என் மனசு அப்போதுதான் நிலைக்கு வந்தது.

இன்றைக்கு ஞாயிறு, வேலை இல்லை. விடிந்ததிலிருந்து வாசலில் கூட்டம். பக்கத்து லயத்திலிருந்தும் வந்து நேற்று என்ன சமைத்தோம் என்று எழுதச் சொல்கிறார்கள். சமைக்காததையும் சேர்த்துச் சொல்கிறவர்களை நான் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறேன். எங்கள் வீட்டில் இப்படி ஒரு சந்தோஷம் இதுவரை இருந்ததில்லை அக்கா. மூன்று மாதமும் உங்கள் மகள் என் பொறுப்பு. பயப்படாமல் இருங்கள்.

அவள் கேட்க மாட்டேன் என்று சொன்ன கேள்விக்கு உங்களுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் பிறந்தது இதே லயத்தில். இந்தியாவில் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர் என்னைப் பெற்ற ஐயா, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. எங்கள் பேர் வருமோ வராதோ, அழகம்மாவுக்குப் பதினொரு வயதுதான் ஆகிறது. அந்தக் கரையில் எங்களுக்குத் தெரிந்த வீடு என்று இப்போது உங்கள் வீடு ஒன்றுதான் இருக்கிறது.

வேறெதுவும் கேட்கவில்லை. பதில் எழுதும்போது, லால்குடி ஸ்டேஷனில் இறங்கினால் உங்கள் வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள் அக்கா.

உங்கள் தங்கை,
அம்மாக்கண்ணு