மீதிப் பக்கம்

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் வளையல் நன்றாக விற்றது. வீட்டில் எல்லோரும் நலம். எனக்கு மட்டும் தொப்பை.

நீ அரக்கோணம் போனபின் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பிறகு நபிமொழிக் கிதாபு படிக்க ஆளில்லை. நீ அழுதுகொண்டே படித்தால் ஊரே அழும். நான்தான் அத்தனை பேர் முன்னால், "இன்னாடா, வெங்காயம் உரிச்சிகினே படிக்கிறியா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அன்றைக்குக் கிளம்பியவன்தான் நீ.

நேற்று இமாம் கிதாபை என் கையில் கொடுத்துவிட்டார். எனக்கோ மூன்றாங்கிளாஸ் படிப்பு. எழுத்துக்கூட்டி நரகத்தைப் பற்றி இரண்டு பக்கம் படித்தேன். மஸ்தான் பாய் கொட்டாவி விட்டார். அடுத்து, சகோதரனோடு மூன்று நாளைக்கு மேல் பேசாமல் இருக்கக்கூடாது என்று வந்தது. நாம் பேசி ஏழு மாதம். அதற்குமேல் எழுத்தெல்லாம் கண்ணீரில் கலங்க, கிதாபை மூடிவிட்டேன்.

"ஆங், தம்பி மாதிரியே படிக்கிறீங்க பாய்," என்றார் மஸ்தான் பாய், கண்ணைத் துடைத்தபடி.

நீ நடிக்கிறாய் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். தப்பு என்னுடையது.

கிதாபு அந்தப் பக்கத்திலேயே நிற்கிறது. வெள்ளிக்கிழமை வந்து மீதியைப் படி. நான் முன்வரிசையில் உட்காருகிறேன். நான் அழுதால் உன் அண்ணியிடம் மட்டும் சொல்லிவிடாதே.

உன் அண்ணன்